நிலாவில் ஒரு சுக்குக் காபி என்ன விலை?



போன மாத சுவர் இதழில் கேள்விப் பகுதியில் ஒரு கேள்வி வந்திருந்தது. "நிலாவில் மனிதர்கள் ஊர் அமைத்துக் குடியேறினால், அங்கே சாமான்களின் விலைவாசி எப்படி இருக்கும்?" யாரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதுவதாக இல்லை. ஆனால் போன வாரம் வகுப்பில் ஒரு பையன், "வெள்ளியங்கிரி மலையில சோடா அம்பது ரூபாயாம். கீழ இருபது ரூபா. பகல் கொள்ளை!" என்று சொன்னான். எல்லோரும் ஆமா ஆமா என்றார்கள்.

அவனுக்குத் தெரியாது, அந்தச் சோடாவை மேலே தூக்கிக்கொண்டு போகிறவர்களில் எங்க அப்பாவும் ஒருத்தர். நான் அன்றைக்கு ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். போட்டுக்கிட்டே போனதில் அந்த நிலாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

முதலில் மலைக் கணக்கு. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏற வேண்டும். போக மட்டும் சுமார் 6 கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். லாரி போகாது, கழுதைகூடப் போகாது. பத்து வயசுக்கு மேல் பெண் பிள்ளைகள் மலை ஏறும் வழக்கம் இல்லாததால், மேலே நடப்பது எல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். (இந்த வழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுவேன்.) சீசன் வந்தால் அப்பா ஒரு நடைக்கு 25 கிலோ தூக்குவார். கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கூலியை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சோடா பாட்டில் அரைக் கிலோ. 25 கிலோவுக்கு 50 பாட்டில். ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் சுமைகூலி. கீழ் விலை 20, கூலி 20, ஆக 40. உடைந்தது, விற்காமல் போனது, கடைக்காரர் ராத்திரி பகலாகக் குளிரில் உட்கார்ந்திருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 10. எங்கே இருக்கிறது கொள்ளை?

இதிலே வேடிக்கை என்னவென்றால் மேலே சுக்குக் காபி அவ்வளவு விலை ஏறவில்லை. கீழே 15 என்றால் மேலே 25 தான். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "அட அம்மிணி, சோடாவுல தூக்கறது பூராந் தண்ணி. காபிக்குத் தண்ணி அங்கயே சுனையில இருக்குதுல்லொ? பொடியும் கருப்பட்டியும் கொண்டு போனாப் பத்தாதா?" என்றார். மலையில் கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று பல சுனைகள் உண்டு. பழகினவர்கள் காலி பாட்டிலோடுதான் ஏறுவார்கள்.

ஒரு டம்ளர் காபிக்குப் பொடியும் கருப்பட்டியும் சேர்த்து 25 கிராம். அப்படியானால் 25 கிலோவில் 1,000 டம்ளர் போடலாம். டம்ளருக்குச் சுமைகூலி ஒரே ஒரு ரூபாய்! அதே முதுகு, அதே ஏழு மலை. சோடாவுக்கு 20, காபிக்கு 1. (அடுப்பெரிக்கிற செலவு தனி.) இந்த இருபதையும் ஒன்றையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ராக்கெட் ஏறப் போகிறோம்.

உங்களுக்குத் தெரியுமா? சர்வதேச விண்வெளி நிலையம் பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. கோயமுத்தூரிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஆக விண்வெளி நிலையம் நமக்குச் சென்னையை விடப் பக்கம்! ஆனால் சென்னைக்கு ரயில் போகிறது. அங்கே போக நிற்க ஒரு ரோடும் இல்லை, வழியில் ஒரு பெட்ரோல் பங்கும் இல்லை. போகிற வழி முழுக்க வேண்டிய எரிபொருளையும் வண்டியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கிய எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். எங்க அப்பா 25 கிலோவோடு தனக்கு ஒரு கட்டுச்சோறும் எடுத்துப் போவார். ஏழு மலைக்குப் பதிலாக எழுநூறு மலை என்றால்? கூடை முழுக்க அவர் சாப்பிடுகிற சோறுதான் இருக்கும். சோடாவுக்கு இடம் இருக்காது. ராக்கெட்டின் கஷ்டம் இதேதான்.

நம் சந்திரயான்-3 கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அது ஏற்றிச் சென்ற சுமை வெறும் 3,900 கிலோ. அதில் 2,148 கிலோ நிலா வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற பகுதி. மிச்சம் 1,752 கிலோதான் விக்ரம் லேண்டர், அதிலும் இறங்குவதற்கான எரிபொருள் சேர்த்தி. அதன் வயிற்றுக்குள் இருந்து ஆகஸ்ட் 23-க்குப் பிறகு நிலாவில் உருண்டு போன பிரக்யான் வண்டியின் எடை 26 கிலோ. 640 டன் கிளம்பிக் கடைசியில் 26 கிலோ! எங்க அப்பாவின் ஒரு நடைச் சுமை.

இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். நான் முதலில் 615 கோடியை 26 ஆல் வகுத்தேன். கிலோ 23 கோடியே 65 லட்சம் வந்தது. கணக்கு சார் பார்த்துவிட்டு, "லேண்டரும் போய் இறங்குச்சுல்ல? கூடையையும் சுமையில சேர்க்கணும். நீ வெங்காயத்தை மட்டும் எடை போடற" என்றார். சரி என்று 1,752 ஆல் வகுத்தேன். கிலோ சுமார் 35 லட்சத்து 10 ஆயிரம். நியாயமாகப் பார்த்தால் இதில் செய்த கூலியும் சேர்ந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு மட்டுக்கு இதையே வைத்துக்கொள்வோம்.

இப்போது கேள்விக்குப் பதில். 100 மில்லி தண்ணீர், 25 கிராம் பொடி, கருப்பட்டி. எல்லாமே பூமியிலிருந்து போனால் ஒரு டம்ளர் சுக்குக் காபி 4 லட்சத்து 38 ஆயிரத்து 750 ரூபாய். தண்ணீர் அங்கேயே கிடைத்தால் 87 ஆயிரத்து 750 ரூபாய். சோடா வேண்டும் என்று யாராவது கேட்டால் பாட்டில் பதினேழரை லட்சம். நம்ம வகுப்புப் பையன் அங்கே போய்ப் பகல் கொள்ளை என்று சொல்லட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன்.

நிலாவில் சுனை இருக்கிறதா? இருக்கிறது. நம் சந்திரயான்-1 கிளம்பியது 2008 அக்டோபர் 22. அது கொண்டு போன கருவிகள் மூலம் நிலாவின் தரையில் தண்ணீர் மூலக்கூறுகளின் தடயம் இருப்பது 2009 செப்டம்பரில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை ஐயா யார் தெரியுமா? நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். நிலாவின் துருவப் பக்கத்தில் சில பள்ளங்களில் சூரிய வெளிச்சம் எப்போதுமே விழாது. அங்கே பனிக்கட்டி இருக்கிறது. ஆனால் அந்தக் குளிர் சைபருக்குக் கீழே 200 டிகிரிக்கும் மேல். பனிக்கட்டி மண்ணோடு கலந்து பாறை மாதிரி கிடக்கும். காலி பாட்டிலைக் காட்டினால் நிரம்பாது. தோண்ட, உருக்க, வடிகட்ட ஒரு இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தையும் கிலோ 35 லட்சத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றேன். இயந்திரம் 1,000 கிலோ என்று வைத்தால் 351 கோடி ரூபாய். அதற்குப் பேசாமல் தண்ணீரையே கொண்டு போய்விடலாமே? அப்புறம்தான் புரிந்தது. 1,000 கிலோ தண்ணீர் கொண்டு போகவும் அதே 351 கோடிதான்! அதனால் ரூபாயை மறந்துவிட்டு எடையை மட்டும் பார்த்தால் போதும். இயந்திரம் தன் எடை அளவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டால் சுமைகூலி கழிந்தது. அதற்குமேல் எடுக்கிற ஒவ்வொரு சொட்டும் மிச்சம். நாலு பேர் குடியிருக்கிற ஊர், ஆளுக்குக் குடிக்க, சமைக்க 3 லிட்டர், ஆக நாளுக்கு 12 லிட்டர். 84 நாளில் கணக்கு நேராகிவிடும்.

அடடா என்று குதித்தேன். அறிவியல் டீச்சர் சிரித்துக்கொண்டே, "குடிச்ச தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சுக் காற்றில் இருக்கிற ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பவும் குடிக்கிறார்கள். 2023-ல் 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுத்துக் காட்டிவிட்டார்கள். (முகம் சுளிக்காதீர்கள். மழைத் தண்ணியும் ஒரு காலத்தில் எங்கேயோ சாக்கடையாக இருந்ததுதான்.) அப்படியானால் 12 லிட்டரில் நஷ்டமாவது கால் லிட்டருக்கும் குறைவு, 240 மில்லி. இப்போது அந்த 1,000 கிலோ இயந்திரம் தன் எடையை ஈடுகட்ட 4,167 நாள் ஆகும். பதினோரு வருஷத்துக்கும் மேல்! சுத்தம் செய்கிற கருவிக்கும் எடை உண்டு, அதை நான் சேர்க்கவில்லை. இருந்தாலும் விஷயம் தெளிவு. நாலு பேர் இருக்கிற ஊருக்குத் தோண்டுவதை விடச் சேமிப்பது மலிவு. நானூறு பேர் வந்தால்தான் சுனை தோண்டுவது கட்டும். அல்லது தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரித்து ராக்கெட்டுக்கு எரிபொருளாகப் போடுகிற நாள் வந்தால் கட்டும். நம் எல்.வி.எம்.3-ன் மேல் அடுக்கு எரிவது இந்த இரண்டினால்தான். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் திறந்த மாதிரி ஆகிவிடும்.

மூச்சுக் காற்றும் அப்படித்தான். ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நிலா மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன்தான், ஆனால் உலோகங்களோடு கெட்டியாகப் பிணைந்து கிடக்கிறது. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் வண்டியில் மாக்ஸி என்ற பெட்டி இருந்தது. அங்கே இருக்கிற கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது. ஒரு ஆள் மூணரை மணி நேரம் மூச்சு விடலாம். கொஞ்சம்தான், ஆனால் வேற்றுக் கிரகத்தின் காற்றிலிருந்து எடுத்த முதல் ஆக்சிஜன்.

இதெல்லாம் கதை, நம் நாட்டுக்கு என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிலாவில் இல்லை, அண்டார்டிகாவில். அங்கே நம் நாட்டுக்கு மைத்ரி (1989), பாரதி (2012) என்று இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. சரக்குக் கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைக் காலத்தில் மட்டும் போகும். குளிர்காலம் முழுக்க உள்ளே இருக்கிறவர்கள் இருக்கிறதை வைத்து ஓட்ட வேண்டும். மைத்ரி ஒரு ஏரிக் கரையில் இருக்கிறது, பேர் பிரியதர்சினி ஏரி. அதனால் தண்ணீர் சுமக்கும் வேலை இல்லை. நம்ம ஊர்க்காரர்கள் கிணறு பார்த்துக் காடு வாங்குவது மாதிரியே இடம் பார்த்திருக்கிறார்கள். பாரதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. அந்தக் கட்டடம் 134 கப்பல் கண்டெய்னர்களால் ஆனது. சாமான் கொண்டு போன பெட்டியே வீடாகிவிட்டது. கூடையையும் வீணாக்கவில்லை. கணக்கு சாரிடம் இதைச் சொன்னபோது, "பார்த்தியா, கூடையை மறக்காதேன்னு சொன்னேனே" என்றார்.

வருஷத்துக்கு ஒரு கப்பல் என்றால் ஒரு நட்டு குறைந்தாலும் ஒரு வருஷம். செவ்வாய்க்குக் கிளம்ப நல்ல நேரம் சுமார் 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஆகையால் அங்கே எந்தச் சாமான் கொண்டு போகலாம் என்பதை விட எதைப் பழுது பார்க்க முடியும் என்பதுதான் பெரிய கேள்வி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்து மோட்டார் கருகினால் யாராவது புது மோட்டாரா வாங்குகிறார்கள்? காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டு போவார்கள். ஆகவே நிலாவுக்கு இரண்டாவது மோட்டார் அனுப்பக் கூடாது. செம்புக் கம்பியும், காயில் கட்டத் தெரிந்த ஒருத்தரையும் அனுப்ப வேண்டும். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே சைஸ் போல்ட்டு வைத்தால் இன்னும் நல்லது. 2014 டிசம்பரில் விண்வெளி நிலையத்தில் ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டபோது, ஸ்பேனரை அனுப்பாமல் அதன் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பினார்கள். அங்கே இருந்த முப்பரிமாண அச்சு இயந்திரம் அதைப் பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தது. வரைபடத்துக்கு எடை கிடையாது!

வீடு கட்ட? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இஸ்ரோவும் 2020-ல் ஒரு செங்கல் செய்து காட்டின. நிலா மண் போன்ற மண்ணில் யூரியா, ஒரு வகை பாக்டீரியா, கொத்தவரை விதைப் பிசின் மூன்றையும் கலந்தால் கல்லாக இறுகுகிறது. யூரியா மனிதச் சிறுநீரிலேயே இருக்கிறது. கொத்தவரங்காய் பிடிக்காதவர்கள் கவனிக்கவும்.

"நிலா மண் போன்ற மண்" என்று சொன்னேன் அல்லவா? அது நம்ம கொங்கு மண். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் ஒரு வெளிறிய கல் கிடைக்கிறது. பேர் அனார்த்தோசைட். நிலாவின் மேட்டு நிலம் முழுக்க இந்த வகைப் பாறைதான். சந்திரயான்-2 லேண்டரின் காலையும் வண்டியின் சக்கரத்தையும் ஓட்டிச் சோதிக்க இஸ்ரோவுக்கு 60, 70 டன் நிலா மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் செயற்கை நிலா மண் கிலோ சுமார் 150 டாலர். 60 டன்னுக்கு 90 லட்சம் டாலர் ஆகும். அதற்குப் பதிலாக சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் முதலானோர் உதவியோடு இந்தக் கல்லையே எடுத்து, சேலத்துக் கிரஷர்களில் அரைத்து, பெங்களூருக்குக் கொண்டு போய்ப் பரப்பினார்கள். இந்த முறைக்கு 2020 மே மாதம் காப்புரிமையும் கிடைத்தது. எங்க அம்மாயி ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். நான் சின்ன வயசில் அந்த மாதிரிக் கல்லால் நொண்டி விளையாடியிருக்கிறேன். அது நிலாக் கல்லுக்குச் சொந்தக்காரக் கல் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, இது எனக்கே விடை தெரியாதது. எங்க மாமா சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார். ரிட்டர்ன் லோடு கிடைத்தால்தான் வாடகை கட்டும் என்பார். காலி வண்டியாகத் திரும்பினால் போகிறவன் தலையில் இரண்டு வழி வாடகையும் விழும். வால்பாறைக்கு அரிசி ஏறுகிறது, தேயிலை இறங்குகிறது. நிலாவிலிருந்து என்ன இறங்கும்? 1969 முதல் 1972 வரை அப்பல்லோவில் ஆறு தடவை போய் இறங்கிக் கொண்டு வந்தது மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும். 2020-ல் சீனாவின் சாங்'இ-5 கொண்டு வந்தது 1,731 கிராம். ஆராய்ச்சிக்குப் பொன் போன்றது, ஆனால் சந்தையில் விற்கிற சரக்கு இல்லை. இதுவரை பெரும்பாலான ராக்கெட்டுகள் இன்னும் மோசம், லோடு இறக்கினதும் லாரியையே கடலில் தள்ளிவிடுகிற மாதிரி. 2017 முதல் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் கீழ் அடுக்கைத் திரும்ப இறக்கி மறுபடி பறக்கவிடுகிறது. எங்க அப்பா மாதிரி, இறங்கி வந்து மறுபடி ஏறுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. ராக்கெட்டுக்கு முழங்கால் வலிக்காது. அப்பாவுக்கு இந்த சீசனில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. ராத்திரி அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடும்போது இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினேன். 4 லட்சத்து 38 ஆயிரம் என்றதும், "அந்த மலைக்குக் கூலி எவ்வளவு கண்ணு தருவாங்க?" என்று கேட்டார்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: நிலாவில் 400 பேர் குடியிருக்கிறார்கள். ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர். 98 சதவீதத் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. 1,000 கிலோ இயந்திரம் எத்தனை நாளில் தன் எடையை ஈடுகட்டும்? விடையைத் தாளில் எழுதி, தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். சரியாக எழுதுகிற மூன்று பேருக்கு எங்க வீட்டில் சுக்குக் காபி. சோடாவைக் கொள்ளை என்று சொன்ன பையனும் எழுதலாம்.

– 9ஆம் வகுப்பு மாணவி